கடைவாய்ப்பல் இருந்த இடம்

"நாக்கைத் தூக்கு" என்றாள் தையல்நாயகி சிஸ்டர். லூர்து தூக்கினான். கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடித்த மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் தட்டிவிட்டாள். "இறக்கு. வாயை மூடு. ஏழு நிமிஷம்." அவ்வளவுதான், ஆள் ஊமை. இனிமேல் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, எச்சில் எவ்வளவு ஊறினாலும் விழுங்கக்கூடாது. பொடி அங்கேயே கிடந்து கரைந்து ரத்தத்தில் சேர வேண்டும். தொண்டைக்குள் இறங்கிவிட்டால் அன்றைய மருந்து தண்டம். மறுபடி கேட்டால் கிடைக்காது, டாக்டரே சிபாரிசு செய்தாலும் சிஸ்டர் மசிய மாட்டாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பத்து மூன்றைக் காட்டியது. ஏழு நிமிடம் என்ன பிரமாதம், ஒரு டீயை ஊதி ஊதிக் குடிக்கிற நேரம் என்று யாராவது சொன்னால் அவர்களைப் பிடித்து இந்த பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், புயல் எச்சரிக்கை எதற்கும் விடாமல், லூர்து இந்த ஏழு நிமிடத்தை உட்கார்ந்து கழித்திருக்கிறான். அதற்கு முன்னால் பதினோரு வருடம் போதை ஊசி. ஊசியை விடமுடியாதவர்களுக்கு அதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்து, கண்ணெதிரில் கரையவைத்து, ஆளை மெல்லத் தூக்கி நிறுத்துகிற இடம் இது. தூக்கித்தான் நிறுத்தினார்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷினில் இரண்டு தடவை துரத்தப்பட்டவன் மூன்றாம் தடவை நிலைத்துவிட்டான். ஐஸ்காரனுக்குக் கரைவதைப் பற்றித் தெரியாதா? ஒரு பார் ஐஸ் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வாய்க்குள் கிடக்கிற இந்தத் துளிப் பொடிதான் பிடி கொடுப்பதில்லை. மனசில் அவசரமில்லாத நாளில் சமர்த்தாகக் கரைந்து போகும். அவசரம் இருக்கிற நாளில் அட்டணைக்கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு அவசரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், இளநீர் வண்டி நிழலில் அவன் பெண்சாதி ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள்.

முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். பங்குனி வெயில். தார் ரோடு பளபளக்கிறது. அந்த வெயிலில் அவளுக்குக் குளிர்கிறது. ஏன் குளிர்கிறது என்று லூர்துக்குத் தெரியும். நேற்றுக் காலையிலிருந்து எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. முதுகெலும்புக்குள் ஐஸைத் திணித்த மாதிரி இருக்கும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், காலை எங்கே வைத்தாலும் வைத்த இடம் பிடிக்காது. எல்லாம் அவன் பட்டதுதான். பட்டவனே அவளுக்கும் கொடுத்தான், பாவி. வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிவிட்டாள்: "யோவ், இன்னிக்கு ஒரு நாளு வந்து பாக்கறேன். மனசு ஒப்பலன்னா திரும்பிடுவேன். அப்பாலிக்கு என்ன இட்டுனு போக நெனைக்காத. என் வழிய விட்ரு." வந்தாள். இளநீர் வண்டி வரைக்கும் வந்தாள். "நீ முன்னாடி போ" என்றாள். போய்விட்டான், மடையன்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? இழுத்தால் திரும்பிவிடுவாள். இழுபட்டுப் பழக்கப்பட்ட பெண்பிள்ளையா அவள்? இங்கே பன்னிரண்டரைக்குக் கதவு சாத்திவிடுவார்கள். அவள் அதற்குள் ரோட்டைத் தாண்ட வேண்டும். பதினைந்து அடி ரோடு. தாண்டாவிட்டால், அந்த முனையில் திரும்பி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குப் போவாள், அங்கே கேட்டதைக் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறான், பெயர் எழுத வேண்டாம், நாக்கைத் தூக்க வேண்டாம். எச்சில் ஊறி உதட்டு ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான். ஜெசி, வந்துடு. வந்துடு ஜெசி. வாய் மூடியிருக்கும்போது மனசு போடுகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா, மிஷின் தோற்றது.

அவன் கொடுத்ததுதானே. ஜெசி மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். காலை ஐந்திலிருந்து அருவாமனைக்கு முன்னால் குந்தி, வஞ்சிரமோ வவ்வாலோ வாங்கி வருகிறவர்களுக்குச் செதில் சுரண்டித் துண்டு போட்டுக் கொடுப்பாள். பதினெட்டு வருஷம் குந்தினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது லூர்துவின் சட்டைப் பையில் இருந்தது, போதையும் ஏற்றுகிற ஒரு வலி மாத்திரை. அவன் எதற்கு வைத்திருந்தான் என்பது வேறு கதை. "இந்தா, போட்டுக்கோ, ஒரு நிமிசத்துல பஞ்சாப் பூடும்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். சத்தியமாக அன்பாகத்தான். ஒரு நிமிடத்தில் போய்விட்டது. மறுநாள் அவளே கேட்டாள். அடுத்த மாதம் கேட்காமலே எடுத்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இரண்டு பேரும் இரண்டு மூலையில் கிடந்தார்கள், அவன் ஊசியோடு, அவள் மாத்திரையோடு. அக்கம்பக்கத்தில் அவனைத்தான் போதைக்காரன் என்றார்கள். அவளைப் 'பாவம், குடித்தனம் நடத்துறா' என்றார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டாள். அவன் இங்கே வந்து தேறின பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான், நீயும் வாயேன் என்று. மீன் வெட்டுகிற கத்தி மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். "உனுக்கு வந்தா நோயி. எனுக்கு வந்தா அதுக்குப் பேரு வேற" என்றாள். ஊர் பொம்பளைக்கு வைக்கிற அந்தப் பேரைச் சொல்லவும் சொன்னாள். லூர்து காதைப் பொத்திக்கொண்டான். அப்புறம் அவன் செய்த காரியம் இருக்கிறதே, இந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

மேல் வரிசையில் வலது பக்கம் கடைவாய்ப்பல் அவனுக்குக் கிடையாது. ஒன்பது வருடம் முந்தி ஒரு போலீஸ் ஸ்டேஷனில் போயிற்று. பிடித்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள்; இரண்டாம் நாள் உடம்பு முறுக்கி, வாந்தி எடுத்து, தரையில் புரண்டான். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கய்யா என்று காலைப் பிடித்தான். "நடிக்கிறான்டா" என்றது ஒரு குரல். அடிச்சா தெளியும் என்றது இன்னொன்று. காய்ச்சலை அடித்து விரட்ட முடியுமா? இவர்கள் முயற்சி செய்து பார்த்தார்கள். பல் போனது, காய்ச்சல் போகவில்லை. நான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்த அன்றைக்கே, வீட்டுக்குக்கூடப் போகாமல், பழைய சந்துக்குத்தான் போனான். அந்தப் பல் போன இடம் குழியாக நின்றுவிட்டது, சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும், நாக்கு சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கே போய்த் துழாவிவிட்டு வரும். அந்தக் குழிதான் பிறகு உபயோகப்பட்டது. போன வாரம் வரைக்கும் இங்கே முழு மாத்திரையாக இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லூர்து ஒன்றை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, மற்றதை நாக்கு நுனியால் உருட்டி, மேலே ஏற்றி, அந்தக் குழியில் செருகிவிடுவான். சிஸ்டர் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள், கீழே காலியாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். பத்து நிமிட நடை. எதிரில் வருகிறவர்களுக்குத் தலையாட்டல்தான். ஏலக்காரர் ஒருத்தர் நடு ரோட்டில் நிறுத்தி, "ஏன்டா லூர்து, வாய்ல என்னடா கொழுக்கட்டையா?" என்றே கேட்டார். சிரித்தால் விழுந்துவிடுமே என்று முறைத்துவிட்டுப் போனான், அவர் இன்னும் பேசுவதில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, பாதி கரைந்து வழவழவென்று இருக்கிறதை விரலால் எடுத்து ஜெசியின் நாக்குக்கடியில் வைப்பான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கூசாமல் வாங்கிக்கொண்டாளே, அவன் எச்சில் என்று கூட நினைக்காமல். அந்த ஏழு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. பதினேழு நாள் இப்படி நடந்தது.

பாதி மருந்தில் இரண்டு உடம்பு எத்தனை நாள் ஓடும்? போன வியாழக்கிழமை இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கொட்டாவி விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது கம்பி கிடையாது, நூல் கட்டியிருப்பாள். அந்த நூலைச் சரிசெய்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். சரிசெய்தாள். "எட்டு மாசமா நல்லா இருந்தவன் எதுக்குடா இப்பக் கொட்டாவி விடறே?" டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, உதட்டைத் தூக்கி, குச்சியால் ஒரு நெம்பு. மாத்திரை அவள் உள்ளங்கையில் விழுந்தது. அறையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் வாயில் மருந்தோடு திரும்பிப் பார்த்தார்கள். லூர்து காத்திருந்தான். திருட்டு ராஸ்கல் என்பாள், போலீசுக்கு ஃபோன் போடுவாள், பெயரை அடிப்பாள். எது வந்தாலும் நியாயம்தான், மருந்தை வெளியே கடத்தியிருக்கிறான், இதற்கு முன்னால் இவ்வளவு நம்பி யார் அவன் வாயில் எதைப் போட்டார்கள்? சிஸ்டர் உள்ளங்கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள். எதுக்கு என்று கேட்கவில்லை. ஏன்டா இப்படிப் பண்ணினே என்றும் கேட்கவில்லை. யாருக்கு. அந்த ஒரு சொல்லில் லூர்து உடைந்துபோனான். "என் வூட்டுக்காரிக்கு சிஸ்டர்" என்றான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, புதிதாக ஒரு மாத்திரை எடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அதை நசுக்கிப் போட்டு, ஏழு நிமிடமும் கடிகாரத்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் பொடிதான். நூற்றுச்சொச்சம் பேர் இன்றைக்குக் கசக்கிறது கசக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள் என்றால் அந்தப் புண்ணியம் லூர்துவைச் சேரும்.

பொல்லாத மனுஷி. கனிவாக ஒரு வார்த்தை வராது. ஐம்பத்தைந்து வயசு, குள்ளம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதைத் திட்டுகிற அதே குரலில்தான் மனுஷரையும் திட்டுவாள். ஆனால் இரண்டு வருடம் முந்தி, கேட்டுக்கு வெளியே போலீஸ் நின்றுகொண்டு மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போன காலத்தில், இவள் ஒருத்திதான் யூனிஃபார்மோடு ஸ்டேஷனுக்கு நடந்து போய், "ஏன் சார், உங்க அப்பாவுக்குச் சர்க்கரைன்னு வச்சுக்குங்க, ஊசி போட்டுக்க வர்ற எடத்துல போயி இப்படி நிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தவள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் கழுத்து கொஞ்சம் நிமிரும். லூர்து அப்போது இங்கே இல்லை, இருந்தாலும் பார்த்த மாதிரியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள்! ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி ஏறி, மூச்சு வாங்க, தரையில் உட்கார்ந்து தண்ணி கேட்டாள். ஜெசி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். திட்டு வாங்கத் தயாராக முகத்தை இறுக்கிக்கொண்டாள். சிஸ்டர் கேட்டதெல்லாம்: "இடுப்பு எந்தப் பக்கம் வலிக்குது? கால் இழுக்குதா? தூக்கம் எத்தனை நாளா இல்லை? வயித்துப் போக்கு இருக்கா?" அவ்வளவும் கேட்டு முடித்த பிறகு ஜெசியே பொறுக்கமாட்டாமல், "எனுக்கு நோயெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். கொழுப்பு" என்றாள். சிஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தாள். "கொழுப்புக்கெல்லாம் எங்ககிட்ட மருந்து இல்லம்மா. இதுக்கு இருக்கு." ஜெசி தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம், அத்தினி ஆம்பளைங்க நிக்கிற எடத்துல எப்பிடி வர்றது என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, எப்படி வருவது என்றாள், லூர்து அதைக் கவனித்தான், சிஸ்டரும் கவனித்தாள், கண்ணாடி நூலைத் தொட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை அறை நடுவில் நின்று சத்தம் போட்டாள்: "நாளையிலேருந்து பன்னெண்டுக்கு மேல பொம்பளைங்க நேரம். ஒரு ஆம்பளை இந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்." ஒருத்தனும் யார் வருகிறார்கள் என்று கேட்கவில்லை. வாயில் பொடியோடு தலையாட்டினார்கள். வெல்டிங் வேலை பார்க்கிற ஒரு பெரியவர் மட்டும் மருந்து கரைந்ததும் எழுந்து நின்று, "எதிர்ல டீக்கடையிலயும் நிக்க மாட்டோம் சிஸ்டர்" என்றார். இன்றைக்குப் பார், சொன்னபடி ஒருத்தன் இல்லை. எப்போதும் நாற்பது பேர் குந்தியிருந்து பீடி பிடிக்கிற டீக்கடை பெஞ்சு காலி. தெருவே துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஊர் இவர்களைத்தான் உருப்படாததுகள் என்கிறது.

அந்தக் காலித் தெருதான் வினையாகப் போயிற்று. புல்லட் சத்தம் கேட்டது. பதினொன்று ஐம்பத்து ஏழு. ஏட்டு ஒருத்தர், புது ஆள், தொப்பைக்குக் கீழே பெல்ட்டு, வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்தி, காலி பெஞ்சைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை நாள் இருந்த கூட்டம் எங்கே போயிற்று, என்னவோ நடக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் நினைப்பாரா மாட்டாரா? நினைத்தார். தெருவில் நிற்பது ஒரே ஒரு ஆள். வெயிலில் போர்த்திக்கொண்டு நடுங்குகிற ஒரு பொம்பளை. வண்டியை விட்டு இறங்கி அவளை நோக்கி நடக்க ஆரம்பித்தார். லூர்துவின் நாக்கு தானாகக் குழிக்குப் போயிற்று. வேண்டாம், நகராதே, பொடி கலையும். ஜெசி பார்த்துவிட்டாள். முந்தானையை இன்னும் இறுக்குகிறாள், ஐயோ, இறுக்காதே, இறுக்கினால்தான் சந்தேகம் வரும், நேராக நில்லு, இளநீர் வாங்குகிற மாதிரி நில்லு. உடம்பு முனைப் பக்கம் திரும்புகிறது, ஓடப்போகிறாள். ஓடினால் பிடிப்பார். பிடித்தால் யார் என்று கேட்பார், கையைக் காட்டு என்பார், உட்கார வைப்பார்கள், தரையில் புரள்வாள், நடிக்கிறாள்டா என்று ஒரு குரல். பல். ஜெசிக்கு வரிசையான பல், கல்யாணத்தன்று சிரித்தபோது எல்லோரும் சொன்னார்கள். லூர்து எழுந்துவிட்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்தான். ஒரு கத்தல், ஜெசீ என்று ஒரே ஒரு கத்தல் கத்தினால் போதும். மருந்து போனால் போகட்டும், இன்றைக்கு ஒரு நாள் உடம்பு முறுக்கட்டும், மிஷினுக்குப் போக முடியாமல் கிடக்கட்டும். கத்தினால் ஏட்டு திரும்பிப் பார்ப்பார், இவள் ஓடிவிடுவாள். ஓடினால் எங்கே ஓடுவாள்? சந்துக்கு. கத்தாவிட்டால்? பொடி பாதிதான் கரைந்திருக்கிறது, தொண்டை வரைக்கும் எச்சில், உதடு பிரியப் போகிறது, பிரிகிறது. "உக்காரு" என்றது சிஸ்டரின் குரல், பின்னாலிருந்து. அவள் ஜன்னலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்தாள். "வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன். எனக்குக் கால் இருக்குல்ல?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள்.

லூர்து உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பேச்சுக் கேட்கவில்லை, நடுவில் ஒரு மீன் பாடி வண்டி தடதடத்துக்கொண்டு போயிற்று. சுடுகிற தாரில் வெறுங்காலோடு அந்தக் குள்ள மனுஷி குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தாண்டிப் போனாள். ஏட்டுக்கும் ஜெசிக்கும் நடுவில் போய் நின்றாள். ஏட்டு ஏதோ கேட்டார். இவள் ஏதோ சொன்னாள், இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். ஏட்டு காலி பெஞ்சைக் கை காட்டினார், இவள் சொன்னாள், அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அப்புறம் ஜெசியைப் பார்த்தார். அந்தப் பார்வையை லூர்து இங்கிருந்தே உற்றுப் பார்த்தான். பிடிக்கிற பார்வையா, விடுகிற பார்வையா என்று அவனுக்குத் தெரியும், எத்தனை பார்த்திருக்கிறான். இது இரண்டுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரையாவது கடந்து போகும்போது பார்ப்போமே, அது. சிஸ்டர் ஜெசியின் கையைப் பிடிக்கவில்லை. சும்மா முன்னால் நடந்தாள். ஜெசி நின்றாள். முனையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் உப்பிய கன்னத்தோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து ஐஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து வந்தது, அவள் பின்வாங்கினாள், அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தான். ஏட்டு ரோட்டு நடுவில் இறங்கிக் கையைத் தூக்கினார். லாரி கிறீச்சென்று நின்றது. டிரைவர் ஏதோ கத்தினான். ஏட்டு கையை இறக்கவே இல்லை. அகலமான கை. அந்த மாதிரி ஒரு கையின் புறங்கைதான் அன்றைக்கு ஸ்டேஷனில் லூர்துவின் வாயில் விழுந்தது. அது தூக்கினபடி நிற்க, அதற்கு இந்தப் பக்கமாக அவன் பெண்சாதி ரோட்டைத் தாண்டி வந்தாள். லூர்துக்கு அழுகை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அழுது பார்த்திருக்கிறீர்களா? மூக்கு அடைத்துக்கொள்ளும், மூச்சுக்கு வழியில்லை, உதட்டைத் திறக்கவும் முடியாது. கண் பிதுங்க, தோள் குலுங்க, மூக்கால் சீறிச் சீறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டு விழுங்காமல் நின்றான்.

ஜெசி வாசற்படியில் வந்து நின்றாள். அவனைப் பார்த்ததும் முகம் மாறிற்று. "இன்னாத்துக்கு இந்தாளு இப்பிடி நிக்கறான், பேய் புடிச்சாப்ல?" என்று சிஸ்டரிடம் கேட்டாள். ஆறு நாளில் அவள் பேசின முதல் கிண்டல். சிஸ்டர் காலைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பன்னிரண்டு. டார்ச்சை எடுத்தாள். "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. மேலே." குச்சி வலது பக்கக் குழிக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. காலி. "ம். இப்பப் பேசு." ஏழு நிமிடமாக நெஞ்சு வெடிக்க எவ்வளவோ வைத்திருந்தான். சிஸ்டரின் காலில் விழ வேண்டும், ஜெசியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "சிஸ்டர், கால் சுட்டுச்சா?" என்றான். "சுடாம? ஐஸா வச்சிருக்கு ரோட்டுல?" என்று எரிந்து விழுந்தாள். "பன்னெண்டாச்சு. ஆம்பளை யாரும் இங்க இருக்கக் கூடாதுன்னு நேத்தே சொன்னேன். கிளம்பு." அவன் ஜெசியைப் பார்த்தான். "அவளுக்கு நான் இருக்கேன், போடா" என்றாள் சிஸ்டர்.

வெளியே வந்தான். போக இடமில்லாதவன் போல் ரோட்டைத் தாண்டி, அதே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், அவள் நின்ற அதே இடத்தில் போய் நின்றான். இங்கிருந்து பார்த்தால் ஜன்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது! இத்தனை நேரம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும். டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. ஏட்டு போகவில்லை, வண்டி நிழலில் சாய்ந்துகொண்டு இளநீர் குடித்து, வழுக்கையையும் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். லூர்து அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். உடம்பு பழைய வழக்கத்தில் ஓரமாக ஒதுங்கியது, பாதி வெயிலில் நின்றான். கதவு திறந்தது. ஜெசி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், முந்தானை தலையில் இல்லை. சிஸ்டர் குனிந்தாள், கரண்டி பளிச்சென்றது, நிமிர்ந்தாள். ஜெசி வாயை மூடிக்கொண்டாள். கசப்பில் மூக்கைச் சுருக்கினாள். அவன் எச்சில் இல்லாத முதல் மருந்து. ஜன்னல் வழியாக அவனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அவனைப் போலவே கன்னத்தை உப்பிக் காட்டினாள், கேலியாக. பக்கத்தில் குரல் கேட்டது. "யாருப்பா உள்ள? பாத்துனே கீற?" ஏட்டுதான். பதினோரு வருடத்தில் காக்கிச் சட்டை கேட்ட ஒரு கேள்விக்கும் லூர்திடம் நேரான பதில் இருந்ததில்லை. நாக்கு ஒரு தடவை குழிக்குப் போய்விட்டு வந்தது. "என் வூட்டுக்காரி சார்" என்றான். "ஒடம்பு சரியில்ல. மருந்து சாப்புட்டுனு கீறா." ஏட்டு ஜன்னலைப் பார்த்தார். வெறும் இளநீர்க் கூட்டை வண்டிக்குக் கீழே போட்டார். "எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார். "ஏழு நிமிசம் சார்." ஏட்டு தலையாட்டிவிட்டு, நிழலில் அவனுக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.